கடல் இல்லாத ஊரிலிருந்து கடலுக்கு: அலை, பயணம், பேய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டிலிருந்து வருடத்துக்கு நாலைந்து முறை வேன் பிடித்து ஆட்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேன். இதைத் தொழில் என்று சொல்ல முடியாது. தக்காளி மண்டி வேலை போக மிச்ச நேரத்தில் ஆசைக்குச் செய்வது. ஆரம்பத்தில் சொந்தக்காரர்கள் மட்டும் வந்தார்கள், அப்புறம் அவர்களின் சொந்தக்காரர்கள், இப்போது காரிமங்கலம், காவேரிப்பட்டணம் வரைக்கும் ஆள் சேர்கிறது.

ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறவில்லை. பாதி கடலைப் பற்றி, பாதி பேயைப் பற்றி. தனுஷ்கோடி வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிற இளவட்டங்கள் இரண்டையும் சேர்த்தே கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

அண்ணா, நம்ம ஊருக்குப் பக்கத்துக் கடல் எதுங்க? எத்தனை மணி நேரம் ஆகும்?

புதுச்சேரி. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாக ஏறக்குறைய 215 கிலோமீட்டர். தருமபுரிக்காரர்கள் அரூர், தானிப்பாடி, தண்டராம்பட்டு வழியாகப் போய்த் திருவண்ணாமலையில் அந்தச் சாலையைப் பிடிக்கலாம். டீக்கடை நிறுத்தங்களையும் சேர்த்து ஐந்து மணி நேரம் வையுங்கள். பௌர்ணமியன்று மட்டும் இந்த வழி வேண்டாம். கிரிவலக் கூட்டத்தில் திருவண்ணாமலையைத் தாண்டுவதற்குள் விடிந்துவிடும்.

கோவளம், மாமல்லபுரம் போவதென்றால் வேலூர், காஞ்சிபுரம் வழி. அதற்கும் ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். ராமேஸ்வரம் தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 470 கிலோமீட்டர். அதை ஒரே நாளில் போய்த் திரும்பலாமா என்று கேட்காதீர்கள், டிரைவரும் மனிதர்தான்.

ட்ரெயின்ல போக முடியாதா?

கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையமே கிடையாது. தருமபுரிக்கு உண்டு. மைசூரு–தூத்துக்குடி விரைவு ரயில் ஓசூர், தருமபுரி வழியாகத்தான் போகிறது, திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம் போகிறவர்களுக்கு வசதி. மைசூருவிலிருந்து மயிலாடுதுறைப் பக்கம் போகிற ரயிலும் இதே பாதைதான், அதில் போனால் தரங்கம்பாடி பக்கம். சென்னைக்கு என்றால் ஜோலார்பேட்டை போய் ஏறுவது சுலபம். நேரம் அடிக்கடி மாறும், கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மாசம் போனா நல்லா இருக்கும்?

தை, மாசி. வெயில் ஏறியிருக்காது, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், பழவேற்காட்டில் பூநாரை நிற்கும், பிச்சாவரத்தில் பறவைகள் இருக்கும். என்னைக் கேட்டால் ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடு வரை.

பள்ளி விடுமுறைக்காக மே மாதம்தான் முடியும் என்பவர்களே அதிகம். நம் பக்கத்தில் அது மாங்காய் அறுவடைக் காலம், தோட்டம் வைத்திருப்பவர்கள் பாதிப் பேர் கடைசி நேரத்தில் வரவில்லை என்பார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் சாப்பிடவென்றே வருகிறவர்கள் விலையைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். நாட்டுப்படகு மீன் மட்டும் கிடைக்கும், அது ருசியாகவே இருக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நான் வேன் எடுப்பதில்லை. காரணம் அடுத்த கேள்வியில்.

ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. புயல்னு சொல்றாங்க. லேசா மழைதானே, போயிட்டு வந்துடலாமா?

வேண்டாம். அட்வான்ஸ் போனால் போகட்டும். துறைமுகங்களில் ஒன்று முதல் பதினொன்று வரை புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள், எண் ஏற ஏற ஆபத்து அதிகம். கூண்டு ஏற்றிய செய்தி வந்தாலே என் வேன் கிளம்பாது.

புயல் கடற்கரைக்காரர்களின் பிரச்சினை என்றுதான் நாமும் நினைத்துக்கொண்டிருந்தோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது. அதன் மிச்சம் உள்ளே நகர்ந்து வந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. சாலையோரம் நிறுத்தியிருந்த கார்களும் வேன்களும் வெள்ளத்தில் உருண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். புதுச்சேரிக்கு நாம் போகிற சாலை அதுதான்.

எங்க கிணத்துல மேலருந்து குதிச்சு நீந்துவேன். கடல்ல நீந்த எனக்குப் பயம் இல்லைங்க. இறங்கலாமா?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், நான் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகிய ஊர் நம்முடையது. கிணற்று நீச்சல் நல்ல நீச்சல்தான். ஆனால் கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்திலேயே நிற்கும், கை நீட்டினால் படி இருக்கும். கடல் நகரும்.

கரைக்கு வருகிற அலைகள் கொண்டுவந்த தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டும். அது ஒரு குறுகலான வாய்க்கால் போல வழி பிடித்துக்கொண்டு வேகமாக உள்ளே ஓடும். அந்த இடத்தில் அலை உடைவது குறைவாக இருக்கும், தண்ணீர் கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் ‘இங்கே அலை இல்லை, குழந்தைகளோடு இறங்கலாம்’ என்று தேடிப் பிடித்து இறங்குவது சரியாக அந்த இடத்தில்தான். இழுப்பில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள். நல்ல நீச்சல்காரர்கள் சாவது அப்படித்தான், கை ஓய்ந்துவிடும். மிதந்துகொண்டே ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். வாய்க்கால் குறுகலானது, அதைத் தாண்டிவிட்டால் அலையே உங்களைக் கரைக்குத் தள்ளும்.

என் வேனில் வருகிறவர்களுக்கு முழங்கால் தண்ணீர்தான் எல்லை. புதுச்சேரி ராக் பீச் பாறை போட்ட கரை, குளிக்கிற இடமே அல்ல. மெரினாவிலும் இறங்க விடமாட்டேன். இதற்காக என்னோடு சண்டை போட்டுவிட்டு வேறு வேனில் போனவர்கள் உண்டு.

சரி, பையனை அலை இழுத்துட்டா நான் குதிக்கலாமா கூடாதா? சும்மா பாத்துக்கிட்டு நிக்க முடியுமா?

ஒரு அப்பா கேட்டது. பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. குதித்தவர்களையும் சேர்த்து இரண்டு மூன்று உடல்களாக எடுத்த செய்திகள் வருடா வருடம் வருகின்றன. கையில் மிதக்கிற பொருள் எதுவும் இல்லாமல் குதிக்காதீர்கள். மூடி போட்ட காலி இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று இருந்தால் அதைத் தூக்கி எறியுங்கள், நம் பிள்ளைகள் கிணற்றில் கேன் கட்டி நீந்தியவர்கள்தானே, பிடித்துக்கொள்ளத் தெரியும். நானும் கரையில் எப்போதும் ஒரு காலி கேனை வைத்திருப்பேன். சத்தம் போட்டு மீனவர்களைக் கூப்பிடுங்கள், அவர்களுக்கு அந்த இடத்து நீரோட்டம் தெரியும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093, ஆம்புலன்ஸ் 108.

அமாவாசை அன்னிக்கு கடல்ல கால் வைக்கக் கூடாதுன்னு பாட்டி சொல்றாங்க. அது பேய்க்காகவா?

பாட்டி சொல்வதில் விஷயம் இருக்கிறது, காரணம்தான் வேறு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் இழுப்பதால் கடல் மற்ற நாட்களைவிட அதிகம் ஏறி, அதிகம் இறங்கும். நம் கடற்கரையில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் காலையில் துணி வைத்த மணல் சாயங்காலம் தண்ணீருக்குள் இருக்கும், முகத்துவாரங்களில் இழுப்பு கூடும்.

அமாவாசையைவிட நான் பயப்படுவது கள்ளக்கடலுக்கு. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த காற்றில் கிளம்பிய பெரிய அலை, நம் பக்கம் காற்றே இல்லாத நாளில் திருட்டுத்தனமாகக் கரையேறும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இறந்தது இப்படிப்பட்ட ஒரு நாளில்தான். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடும். செய்தியில் ‘கள்ளக்கடல்’ என்ற சொல் காதில் விழுந்தால் அன்று கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி.

சர்ஃபிங் கத்துக்கலாமா? வயசு நாப்பது ஆச்சு.

தாராளமாக. கோவளத்திலும் புதுச்சேரியிலும் சொல்லித் தருகிறார்கள், மீனவக் குடும்பத்துப் பையன்கள்தான் பெரும்பாலும் ஆசிரியர்கள். பலகையும் கயிறும் அவர்களே தருவார்கள், இடுப்பளவு தண்ணீரில்தான் பழக்குவார்கள். முதல் நாள் நிற்க வராது. விலாவும் தோளும் இரண்டு நாள் வலிக்கும். எங்கள் குழுவில் முதலில் எழுந்து நின்றவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு அக்கா, களை எடுத்து எடுத்து இடுப்பு பழகியதால் என்று அவரே சொன்னார்.

பிச்சாவரம் நல்லா இருக்குமா? படகு கவுந்துடாதே?

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அலையாத்திக் காடு. கடலையொட்டி இருந்தாலும் நடுவில் மணல்திட்டு தடுப்பதால் உள்ளே அலை கிடையாது. மோட்டார் படகு அகலமான வழியில்தான் போகும். வேர்கள் குடை மாதிரி கவிந்த குறுகலான வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும், அதையே எடுங்கள். காலை எட்டு மணிக்கு அங்கே இருந்தால் நல்லது, மத்தியானம் புழுங்கும். 2004 சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவு என்று படகுக்காரர்கள் சொல்லாமல் விடமாட்டார்கள், உண்மைதான்.

அங்குள்ள மரங்களில் தில்லையும் ஒன்று, சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்த மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கிளையை ஒடிக்காதீர்கள், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படகைவிட உயிர்காப்பு உடையைக் கவனியுங்கள். ஒருமுறை வேறொரு கரையில் ஒரு தனியார் படகுக்காரர் இருபது பேருக்கு உடை தந்தார், அதில் ஏழில் பூட்டு உடைந்திருந்தது, கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளச் சொன்னார். ஏறாமல் திரும்பினோம், கட்டிய பணத்தில் பாதிதான் திரும்பக் கிடைத்தது. ஒகேனக்கல் பரிசலில் ‘போட்டோவுக்காகக் கழற்றிக்கிறேன்’ என்று சொல்லிப் பழகியவர்கள் இங்கே அதைச் சொல்ல வேண்டாம்.

கடல்ல ஏதோ கடிச்சு தடிப்பு தடிப்பா வந்துடுச்சு. என்ன செய்யறது?

பெரும்பாலும் சொறி மீன், அதாவது ஜெல்லி மீன். மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், இரண்டும் விஷத்தை இன்னும் கிளப்பிவிடும். கடல் தண்ணீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை அட்டையாலோ குச்சியாலோ எடுத்துவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ நேராக ஆஸ்பத்திரி. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த சொறி மீனும் கொட்டும்.

பாண்டிச்சேரி போயிட்டு வெறுங்கையோட வர்றதா? ரெண்டு பாட்டில் வேன்ல வைக்கலாமாண்ணா?

கூடாது. எல்லையில் சோதனைச் சாவடி இருக்கிறது, பிடித்தால் வழக்கோடு வண்டியும் போகும். வண்டி என்னுடையதல்ல.

தனுஷ்கோடியில ராத்திரி தங்கிப் பேய் பாக்கணும். ஏற்பாடு பண்ண முடியுமா?

முடியாது. சாயங்காலமே சோதனைச் சாவடியில் உள்ளே போகும் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், உள்ளே இருப்பவர்கள் இருட்டுவதற்குள் வெளியே வர வேண்டும். ‘தெரிந்த ஆள் இருக்கிறார், காசு கொடுத்தால் விடுவார்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அங்கே நடந்தது என்ன என்று தெரிந்துகொண்டு போனால் பகலிலேயே மனம் நடுங்கும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே போயிற்று. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில், நூறு பேருக்கு மேல் உள்ளே இருக்க, அலையில் அடித்துப் போனது. அதற்குப் பிறகு மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. தேவாலயத்தின் சுவர், ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இன்னும் நிற்கின்றன. அறிவிப்பு அப்படியிருந்தும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு வாழ்கின்றன. மீன் வறுத்து விற்கும் அம்மாவிடம் போய் ‘இங்க பேய் இருக்காமே’ என்று எங்கள் பையன் ஒருவன் கேட்டான். ‘இருக்கு தம்பி, எங்க தாத்தாவும் அதுல ஒண்ணு’ என்றார். பையன் அன்று முழுக்க வாய் திறக்கவில்லை.

ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் நீரிணைப் பகுதி. அலை அடிப்பதை ஆண் கடல், அடங்கிக் கிடப்பதைப் பெண் கடல் என்பார்கள். காற்று திரும்பும்போது இதுவும் மாறும்: ஆடியில் தெற்குப் பக்கம் முரடு, கார்த்திகையில் வடக்குப் பக்கம் முரடு. அரிச்சல்முனை வரைக்கும் 2017 முதல் தார்ச்சாலை இருக்கிறது. முனையில் இரண்டு நீரோட்டமும் சேருகிற இடத்தில் இறங்கவே கூடாது, கிணற்று நீச்சல் கேள்விக்குச் சொன்னது இங்கே இரண்டு மடங்கு.

தனுஷ்கோடி பாத்தாச்சு. அதே மாதிரி பயமா, அதே சமயம் போகத் தடை இல்லாத எடம் வேற எதுங்க?

என் பட்டியலில் முதலிடம் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே, ஏரிக்கரையில், டச்சுக்காரர்களின் 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நுழைவாயிலிலேயே எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் வரவேற்கும். நம் ஊர் அய்யனார் கோயில் வாசலில் குதிரை நிற்பது போல அவர்களுக்கு எலும்புக்கூடு. கல்லறைப் பலகைகளில் உள்ள வேலைப்பாட்டைப் பார்த்தால் பயம் போய் வியப்பு வரும். அங்கே போகிறவர்கள் பூநாரையையும் பார்த்துவிட்டு வரலாம், ஒரே நாளில் முடியும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தை ஒட்டிச் சதுரங்கப்பட்டினத்திலும் டச்சுக் கோட்டை உண்டு, உள்ளே அதே மாதிரிக் கல்லறைகள். இன்னும் தெற்கே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை: முகலாயர் காலத்தில் கட்டி, 1750 வாக்கில் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயர் இடித்தது. கழிமுகத்தைப் பார்த்தபடி இடிந்த செங்கல் சுவர்கள் நிற்கும். சாயங்கால வெளிச்சத்தில் யாரும் பேச மாட்டார்கள். விளக்கு கிடையாது, பாம்பு உண்டு, அதனால் சூரியன் மறைவதற்கு முன் வெளியே வந்துவிடுவோம்.

தரங்கம்பாடியைப் பயத்துக்கான இடம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் விடிகாலையில் போய்ப் பாருங்கள். 1620இல் டென்மார்க்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை, அதற்குப் பக்கத்தில் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ற மாசிலாமணிநாதர் கோயில். கோயில் நிற்கிற இடத்தைப் பார்த்தால் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று புரியும்.

சென்னையில உடைஞ்ச பாலத்துல பொண்ணு அழுற சத்தம் கேக்குமாமே?

அடையாறு முகத்துவாரத்தில் இருப்பது. 1967இல் மீனவர்கள் போய்வரக் கட்டினார்கள், 1977இல் வெள்ளத்தில் நடுப்பகுதி இடிந்தது. முகத்துவாரக் காற்று உடைந்த கான்கிரீட்டில் புகுந்து வந்தால் எந்தச் சத்தமும் கேட்கும். அங்கே இரவில் நடமாடும் குடிகாரர்கள்தான் எனக்குப் பயம். நான் கூட்டிப் போவதில்லை.

ராத்திரியில அலை நீலமா எரியுதுன்னு வீடியோ வந்துச்சே. அது கொள்ளிவாய்ப் பிசாசுதானே?

இல்லை. நாக்டிலூகா என்ற, கண்ணுக்கு லேசில் தெரியாத அளவுள்ள ஒரு செல் உயிரி கோடிக்கணக்கில் பெருகும்போது, அலை மோதித் தண்ணீர் குலுங்கினால் ஒளி விடும். சென்னைக் கடற்கரையில் 2019 ஆகஸ்டிலும் 2024 அக்டோபரிலும் ஊரே திரண்டு பார்த்தது. காலால் மிதித்தால் கால் தடமும் மினுங்கும். முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதனால் இதற்கென்று வேன் எடுப்பதில் அர்த்தமில்லை.

கொள்ளிவாய்ப் பிசாசு வேறு. சதுப்பில் மக்கிய இலைதழைகளிலிருந்து கிளம்பும் வாயு எரிவதைப் பார்த்து நம் தாத்தாக்கள் வைத்த பேர் என்பார்கள். நான் இதுவரை பார்த்ததில்லை. ஏரிக்கரையில் பார்த்ததாகச் சொல்லும் என் மாமா, எப்போதும் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில்தான் பார்த்திருக்கிறார்.

ராத்திரி கடற்கரையில சட்டப்படி நடக்க வழியே இல்லையா? ஒரு திரில்லுக்குத்தான்.

இருக்கிறது, அருமையான வழி. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். சென்னையில் 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் நள்ளிரவில் கிளம்பி விடிகிற வரை கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான குஞ்சு பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். சில வார இறுதிகளில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்வார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடக்க வேண்டும். டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் கூடாது. இருட்டில் ஒரு கரிய மேடு மெல்ல நகர்ந்து வருவதைப் பார்த்தால் மயிர்க்கூச்செறியும், எந்தப் பேய்ப் படமும் அதற்கு ஈடாகாது.

ஆமை கட்டாயம் வரும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். நாங்கள் போன இரண்டு தடவையில் ஒரு தடவை செத்த ஆமையைத்தான் பார்த்தோம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின.

குலசை தசராவுக்குக் குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போகலாமா? காளி வேஷம் பாத்து பயந்துக்குவாங்களா?

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா பத்து நாள் நடக்கும். நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு விரதமிருந்து காளி, குரங்கு, கரடி, குறத்தி, ராஜா என்று வேடம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை வாங்குவார்கள். பத்தாம் நாள் நள்ளிரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். கடலும் பயமும் திருவிழாவும் ஒரே இடத்தில் சேர்வதை வேறெங்கும் பார்த்ததில்லை. நம் ஊரிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர்.

குழந்தைகள் காளிக்குப் பயப்பட மாட்டார்கள், நெருக்கத்துக்குத்தான் பயப்படுவார்கள். லட்சக்கணக்கில் கூட்டம். பத்து வயதுக்குள் என்றால் சூரசம்ஹார இரவு வேண்டாம், நடுவில் ஏதாவது ஒரு நாள் போங்கள், வேடங்களை நிதானமாகப் பார்க்கலாம். குழந்தையின் சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு கட்டாயம்.

அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம மயானக் கொள்ளை இல்லையா? வெளியூர் ஃபிரண்ட்ஸைக் கூட்டிட்டு வரலாமா?

கூட்டி வாருங்கள், ஆனால் வேடிக்கை காட்ட என்று சொல்லிக் கூட்டி வராதீர்கள். மகா சிவராத்திரியை ஒட்டி வரும் மாசி அமாவாசையில் காவேரிப்பட்டணத்திலும் தருமபுரியிலும் நடப்பதை நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக: சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்மனின் கபாலத்தை அங்காளம்மன் தன் உக்கிரத்தால் அகற்றிய கதை. அம்மன் சுடுகாட்டுக்கு ஊர்வலமாக வருவாள், காளி வேடமிட்டவர்கள் ஆடி வருவார்கள், தானியமும் காய்கறியும் சில்லறையும் சூறை விடுவார்கள். கோழியின் கழுத்தைக் கடிப்பவர்களும் இருப்பார்கள். இதைப் பார்க்க முடியாதவர்கள் ஒதுங்கி நிற்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அங்கே வருகிறவர்களில் பலருக்கு அந்த மயானத்தில்தான் அப்பாவோ அம்மாவோ இருக்கிறார்கள். அன்று சமாதியில் படையல் வைத்து அழுகிறவர்களின் முகத்துக்கு நேராகப் போனை நீட்டினால் அடி விழும், விழுந்தால் நான் தடுக்க மாட்டேன். சாமி வந்தவரைச் சுற்றி நின்று சிரிப்பதும் அப்படியே. புதுச்சேரி போகும் சாலையில் செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் மேல்மலையனூர்தான் இதற்கெல்லாம் தாய்க் கோயில். அந்த நாளில் அந்தப் பக்கம் கடற்கரைப் பயணம் போட்டால் கூட்டத்தில் மாட்டுவீர்கள்.

ராமேஸ்வரம் போக ராத்திரியில தொப்பூர் கணவாயத் தாண்டணுமே. அங்க வெள்ளைப் பொடவைக்காரி வண்டிய நிறுத்துவாளாம். பகல்லயே போயிடலாமா?

சேலம் பக்கம் இறங்குகிற சரிவும் வளைவும் சேர்ந்த இடம் அது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிற லாரிகள், சூடேறிப் பிடிக்காமல் போகும் பிரேக், முன்னால் நிற்கிற கார்: அத்தனை சாவுக்கும் இதுவே போதும், புடவைக்காரி தேவையில்லை. பகலில் தாண்டுவது நல்லதுதான், டிரைவருக்குத் தூக்கம் வராது. இரவில் போவதென்றால் கியரில் இறங்கச் சொல்லுங்கள், லாரிக்கு நேர் முன்னால் போகாதீர்கள்.

கறுப்புக் கயிறு, எலுமிச்சம்பழம் எல்லாம் எடுத்துக்கணுமா?

எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. எலுமிச்சம்பழம் வேன் குமட்டலுக்கு நல்லது. கயிறு கட்டிய தைரியத்தில் முழங்காலுக்கு மேல் இறங்காமல் இருந்தால் சரி.

அப்பாவுக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போறோம். அதோட பசங்களுக்காக தனுஷ்கோடி, பீச் எல்லாம் சேத்துக்கறது தப்பா?

போன தை அமாவாசைக்கு முன் ஒரு அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டது. தப்பில்லை என்றுதான் சொன்னேன். பாட்டியை ராமேஸ்வரத்துக்குக் கூட்டிப் போன நம் வீட்டுப் பெரியவர்களும் வழியில் மதுரையில் இறங்கி வளையல் வாங்கியவர்கள்தான்.

வரிசையை மட்டும் கவனியுங்கள். முதல் நாள் விடிகாலை அக்னி தீர்த்தம், திதி, கோயிலுக்குள் 22 தீர்த்தம், உடை மாற்றிக்கொண்டு தரிசனம். திதி கொடுத்த அன்றே பையன்களை அலையில் குதித்து விளையாட விட்டால் வீட்டுப் பெரியவர்கள் மனம் நோகும், அவர்களும் நாளெல்லாம் பட்டினியாக இருப்பார்கள். தனுஷ்கோடியை மறுநாள் காலை ஆறு மணிக்கு வையுங்கள், வெயிலுக்கு முன் அரிச்சல்முனை பார்த்துவிடலாம். அமாவாசைக்கு மறுநாள் என்பதால் கடல் ஏறியிருக்கும், மேலே சொன்னதை மறக்க வேண்டாம். ஆளுக்கு மூன்று செட் துணி எடுத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியோடு யாரையும் வேனில் ஏற்ற மாட்டேன்.